நான் சீல் வைக்காத ஜன்னல்

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். உரிமப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு. ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நானும் வந்து அரை மணி நேரம் பேச வேண்டுமாம். மதுக்கடைச் சோதனையை இனிமேல் கைப்பேசியில் படம் எடுத்தே முடித்துவிடலாம் என்று ஏற்பாடு வருகிறது. அதற்கு முன்னால் பழைய முறையை ஒரு தடவை கேட்டு வைக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். போனேன். மீ ஹூன் சேமியா கொடுத்தார்கள், தேநீர் கொடுத்தார்கள், பேசினேன். கடைசியில் ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கினாள்.

“சார், கோவிட் டைம்ல நீங்க வெச்ச சீல் ஒண்ணுகூட உடைஞ்சதே இல்லையாமே, மெய்யாவா?”

“ஒண்ணுகூட இல்லம்மா.”

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது பாதிதான். அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லாமல் விட்ட மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் ரெம்பாவ் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிறந்தவன். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவினார். பள்ளிக்கூடம் முடித்து அரசாங்க வேலையில் சேர்ந்து, இரண்டு வருஷம் கோப்பு தூக்கி, மூன்றாம் வருஷம் மாவட்ட அலுவலகத்தின் உரிமப் பிரிவுக்கு வந்தேன். வந்த அன்றே மதுக்கடைகளை என் தலையில் கட்டினார்கள். பிரிவில் மற்றவர்கள் எல்லாரும் முஸ்லிம்கள். அந்தக் கடைகளுக்குள் கால் வைக்க அவர்களுக்கு மனம் ஒப்பாது, அதுவும் நியாயம்தான். “கணேசன் போவான்” என்றார்கள், கணேசன் போனான். ஒரு சொட்டு நாக்கில் வைக்காத நான் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கடை கடையாக ஏறி இறங்கினேன். என் மனைவிக்கு இது இன்றைக்கும் வேடிக்கை.

சோதனை என்றால் ஒன்றும் பெரிய வித்தையில்லை. உரிமத்தாள் சுவரில் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். போத்தலில் வரி கட்டிய வில்லை இருக்கிறதா, அளவுக்குவளை சரியா, ஸ்டூல் எத்தனை, வாசல் எத்தனை. எல்லாவற்றையும் பாரம் என்கிற மலாய்ப் படிவத்தில் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். பார்ப்பது சுலபம். எழுதுவதில்தான் வம்பு இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவர் துவான் ரஸாலி.

அவர்தான் எங்கள் பிரிவின் தலைவர்; துவான் என்றால் ஐயா. ஒல்லியான, நெட்டையான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அறிக்கையை உட்கார்ந்து படிக்க மாட்டார்; நின்றபடி படிப்பார், கையில் சிவப்புப் பென்சில் இருக்கும். எழுதியவன் ஊகித்து எழுதிய இடம் எதுவோ அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போடுவார். பிறகு தலையைத் தூக்கி ஒரே ஒரு சொல் கேட்பார்: “நம்பாக்?” பார்த்தாயா என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே பிரிவில் பாதிப் பேர் ஒழுங்காக வேலை செய்தோம்.

அவரோடு நான் போன வேலைகளில் மறக்க முடியாதது பன்றிப்பண்ணை ஊரான புக்கிட் பெலண்டோக்கில் செய்தது. நிப்பா கிருமி வந்து, பன்றிகளை எல்லாம் அழித்து, சனங்கள் கிளம்பிப் போயிருந்த சமயம். இழப்பீட்டுக்காக, மூடிக் கிடக்கும் கடைகளைப் பட்டியல் எடுக்க நாங்கள் இரண்டு பேரும் முகமூடியும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு உள்ளே போனோம். நல்ல உச்சி வெயில். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு காப்பிக்கடை மேசையில் குடித்து மிச்சம் வைத்த கோப்பைகள் அப்படியே இருந்தன. தெருக்கோடியில் பூட்டிய ஒரு வீட்டுக்குள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, சீனப் பாட்டு.

“உள்ளே ஆள் இருக்கலாம்” என்று நான் எழுதினேன். வட்டம் விழுந்தது.

“நம்பாக்?”

“இல்லை துவான். ஆனால் ரேடியோ பாடுதே.”

“அப்படியென்றால் ரேடியோ பாடுகிறது என்று எழுது. பார்த்ததை எழுது, கேட்டதை எழுது. உனக்குப் புரிந்தது எதுவோ அது உன்னோடு இருக்கட்டும்.”

இரண்டு நாள் கழித்துப் போனபோது அந்த ரேடியோவின் சத்தம் தேய்ந்து, தூக்கத்தில் யாரோ முனகுவதுபோல் கேட்டது. அதை எழுதினேன். மூன்றாவது தடவை சத்தமே இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று எழுதப் பேனாவைத் திறந்தவன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “சத்தம் இல்லை” என்று மட்டும் எழுதினேன். அதற்குப் பின் இருபது வருஷம் என் அறிக்கையில் வட்டம் விழவில்லை. துவானும் ஓய்வு பெற்று ரெம்பாவுக்குப் போய்விட்டார்.

அப்புறம் கோவிட் வந்தது. சாப்பாட்டுக்கடைகளை மெல்ல மெல்லத் திறக்க விட்டார்கள், மதுக்கடைகளை மட்டும் திறக்க விடவில்லை. எங்கோ ஒரு பார்க்காரர் முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவு வழியாக வியாபாரம் செய்து மாட்டிக்கொண்டதால், எங்கள் பகுதியில் எல்லாத் திறப்புகளுக்கும் சீல் வைக்க உத்தரவாயிற்று. வெள்ளைத் தாள், அதில் எண், தேதி. பாதிக் கையெழுத்து தாளிலும் பாதி கதவிலும் விழ வேண்டும், மேலே ரப்பர் முத்திரை. எஸ்டேட் ஈரத்தில் கடைக் கோந்து நிற்காது. நான் மரவள்ளி மாவைக் காய்ச்சிப் பசையாக்கிக் கொண்டு போவேன். என் சீல் உடையாத ரகசியம் இவ்வளவுதான்.

புக்கிட் பெலண்டோக் தாண்டி உள்ளே போகும், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனை எஸ்டேட்டில் ஒரு கள்ளுக்கடை இருந்தது. நடத்தியவர் சரோஜாம்மா. கணவர் செத்த பிறகு உரிமத்தைத் தன் பேருக்கு மாற்றி, ஒற்றை ஆளாகக் கடையைக் கட்டி மேய்த்தவர். கடைக்கு மூன்று கதவு. அது போக, பக்கச் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு ஒரு சின்ன மர ஜன்னல். கொக்கி கிடையாது, தள்ளினால் திறக்கும். அதற்கு நேர் வெளியே மரத்தடியில் முனியாண்டியின் சூலம். காலையில் முதல் கிளாஸ் கள்ளைச் சரோஜாம்மா அந்த ஜன்னல் பலகையில் வைப்பார். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு. கடைக்கு வருகிறவன் எவ்வளவு தாகத்தோடு வந்தாலும், “சாமி குடிச்சாச்சா?” என்று கேட்காமல் ஸ்டூலை இழுத்துப் போட மாட்டான். சாயங்காலம் அந்தக் கள்ளை மரத்தடியில் ஊற்றிவிடுவார்.

மூன்று கதவுக்கும் சீல் ஒட்டிவிட்டு, பசைக் கிண்ணத்தோடு நான் அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றேன்.

“சார், அத மட்டும் விட்டுருங்க சார்” என்றார் சரோஜாம்மா.

“நானும் ஒட்டுறதா இல்லம்மா.”

அரசாங்கத் தாளை முனியாண்டி முகத்துக்கு நேரே ஒட்ட எனக்குக் கை வரவில்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன், பயம். ஆனால் பாரத்தில் ‘திறப்புகள் எத்தனை’ என்ற கட்டத்தில் மூன்று என்று எழுதினேன். நான்கு என்று எழுதினால் நான்காவதற்கு ஏன் சீல் இல்லை என்று கேட்பார்கள். பதிலுக்கு முனியாண்டியை மலாயில் எப்படி விளக்குவது? சாமி கள் குடிக்குமா என்று அலுவலகத்தில் ஒருவர் சிரித்தாலும் என்னால் தாங்க முடியாது. அதனால் மூன்று.

இரண்டாம் தடவை எல்லாவற்றையும் பூட்டிப் போட்டிருந்த மாதத்தில் எனக்கு ஒரு புகார் வந்தது. பேசியவர் லெட்சுமி. அந்த எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு அவருடையது, கள்ளுக்கடைக்கு எதிரே.

“சார், கடையில ஆளுங்க இருக்காங்க சார். நடு மத்தியானம். ஸ்டூல் இழுக்கிற சத்தம் கேக்குது. எங்க வீட்டுக்காரரு இருமுற மாரியே ஒருத்தரு இருமுறாரு.”

“ஒங்க வீட்டுக்காரர் எங்கம்மா இப்ப?”

“அவரு என் பக்கத்துல ஒக்காந்து சோறு தின்னுகிட்டு இருக்காருலா.”

போனேன். அலுவலகத்தில் பாதிப் பேர்தான் வேலைக்கு வந்த காலம், தனியாகத்தான் போக வேண்டியிருந்தது. லயத்தில் ஒரு பிள்ளையின் சத்தம்கூட இல்லை. செம்பனை மரங்களுக்கு நடுவில் நின்றால் என் முகக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்குக் கேட்டது. மூன்று சீலையும் தடவிப் பார்த்தேன், ஒரு விளிம்புகூடத் தூக்கவில்லை. போகலாம் என்று திரும்பினேன். உள்ளே சிமெண்டுத் தரையில் ஸ்டூல் ஒன்று கறகறவென்று நகர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஓர் இருமல். வண்டிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, எலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். “பூட்டியிருந்தது, சீலுக்குச் சேதமில்லை, ஆள் இல்லை” என்று எழுதினேன். கேட்டதை எழுதவில்லை.

லெட்சுமி மறுபடியும் கூப்பிட்டார், அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டார். இந்த முறை சரோஜாம்மா ஒப்படைத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு, முன்கதவுச் சீலை முறைப்படி நானே நீக்கித் திறந்தேன். தரையில் தூசி விரித்த மாதிரி கிடந்தது, அதில் ஒரு காலடி இல்லை. ஸ்டூல்கள் மேசை மேல் கவிழ்த்தபடியே இருந்தன, நான் எண்ணி எழுதிய அதே எண்ணிக்கை. ஜன்னல் பலகையில் மட்டும் ஒரு கிளாஸ். பாதி கிளாஸ் கள், மேலே நுரை.

கள்ளைக் குடிக்காவிட்டாலும் வாசனை எனக்கு அத்துப்படி. காலையில் இறக்கியது ஒரு மணம், சாயங்காலம் வேறு மணம், மறுநாள் வெறும் புளிப்பு. இது அன்று காலையில் இறக்கியது. ஓர் எறும்பு இல்லை, ஓர் ஈ மொய்க்கவில்லை. வெளியே வந்து, கடையைச் சுற்றியிருந்த தென்னைகளை அண்ணாந்து பார்த்தேன், ஒரு மரத்திலும் பானை கட்டியிருக்கவில்லை. கள் இறக்குகிறவர் கடை மூடிய வாரமே மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

முறைப்படி கள்ளை ஒரு மாதிரிப் போத்தலில் ஊற்றி, மூடி, சீல் ஒட்டினேன். கிளாஸைத் துணியில் சுற்றினேன். இரண்டையும் சாட்சிப் பொருளாக எடுத்து, கதவுக்குப் புதுச் சீல் வைத்தேன். கிளாஸ் இருந்த இடத்தைப் பாரத்தில் எழுத வேண்டும். ஜன்னல் என்று எழுத வழியில்லை, பாரத்தின்படி அந்தக் கடையில் ஜன்னலே கிடையாது. “சுவர் ஓரம், பாதி கிளாஸ் கள், புதியது” என்று எழுதினேன். சாமிக்கு வைத்தது என்ற சொல்லும் வரவில்லை.

அடுத்த மாதம் கூட்டம் வைத்தார்கள். பார்களுக்கான கட்டுப்பாட்டை நீட்டிப்பதா, இத்தனை நாள் மூடிக் கிடந்தவர்களுக்கு உதவித் தொகை கொடுப்பதா என்பதே பேச்சு. துவான் ரஸாலியின் நாற்காலியில் அப்போது ஒரு பெண் அதிகாரி இருந்தார், புவான் என்று கூப்பிடுவோம். இளையவர், மரியாதையானவர், பாரத்தைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். மண்டபத்தில் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

கடற்கரைப் பக்கம் பார் வைத்திருக்கும் லிம் முதலில் எழுந்தார். “ரெஸ்டாரண்டில் பீரோடு ஒரு தட்டுக் கடலை வைத்தால் அது சாப்பாடு, திறக்கலாம். என் கடையில் அதே பீர், அதே மனிதன், கடலை மட்டும் இல்லை, மூடு என்கிறீர்கள். கிருமிக்குக் கடலை கண்ணுக்குத் தெரியுமா?” என்று மலாயில் கேட்டார். புவான்கூடச் சிரித்துவிட்டார்.

லெட்சுமி சிரிக்கவில்லை. எஸ்டேட் பெண்கள் சார்பில் வந்திருந்தார். எழுந்து தமிழிலேயே பேசினார், நான் மொழிபெயர்த்தேன். “கட மூடியே கெடக்கட்டும்லா. மூடுன பெறகுதான் எங்க வீட்டுக்காரரு ரெண்டு வேள சோறு திங்கிறாரு. நஷ்ட ஈடு, நஷ்ட ஈடுன்னு பேசுறீங்களே, இருவது வருசமா என் வீட்டுலேருந்து அந்தக் கடைக்குப் போனதுக்கு யாரு நஷ்ட ஈடு குடுப்பா?”

சரோஜாம்மா மெதுவாக எழுந்தார். “அந்தக்கா சொல்றது நெசந்தான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா கட மூடுன பெறகு பக்கத்து எஸ்டேட்டுல சம்சு சாராயம் குடிச்சு ஒருத்தருக்குக் கண்ணே போயிருச்சு. எங்கிட்ட குடிச்சவன் ஆடிக்கிட்டாவது வீடு போய்ச் சேந்தான். நீங்க மூடச் சொன்னீங்க, மூடுனேன். ஒரு நாளுகூடத் தொறக்கல. இந்த உதவி கெடைச்சாத்தான் லைசென்ஸ புதுப்பிக்க முடியும். விட்டுட்டேன்னா திரும்ப யாரு எனக்குக் கள்ளுக்கட லைசென்ஸ் குடுக்கப் போறா?”

அதுதான் விஷயம். அந்த உரிமத்தைப் புதிதாக யாருக்கும் கொடுப்பதில்லை. ஒரு தடவை காலாவதியானால் போனதுதான். ஒரு நாளும் திறக்காமல் இருந்தவர்களுக்கே உதவி என்பது நிபந்தனை.

புவான் என் அறிக்கையை எடுத்தார். மூடியிருந்த கடைக்குள்ளே அன்று இறக்கிய கள் எப்படி வந்தது என்று சரோஜாம்மாவைக் கேட்டார். இன்னொரு சாவி அவரிடம் இருந்தது; சீலைப் பதமாக உரித்து மறுபடி ஒட்டியிருப்பார் என்பது புவானின் சந்தேகம். “எனக்குத் தெரியாதும்மா. கட மூடுனதுலேருந்து நான் லுக்குட்டுல இருக்கிற வீட்ட விட்டே நகரல” என்றார். புவான் என் பக்கம் திரும்பினார்.

“என்சிக் கணேசன், எல்லாத் திறப்புகளுக்கும் சீல் வைத்தீர்கள்தானே?”

சரோஜாம்மா என்னைப் பார்த்தார். ஜன்னல் ஒன்று இருக்கிறது, அதை யார் வேண்டுமானாலும் தள்ளித் திறந்து கிளாஸ் வைக்கலாம் என்று நான் சொல்லியிருந்தால் அந்தப் புகார் அங்கேயே விழுந்திருக்கும். ஆனால் நான்கை மூன்று என்று எழுதியவன் நான். ஓய்வுக்கு ஒரு வருஷம் இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

“எல்லாவற்றுக்கும் வைத்தேன், புவான்.”

உதவி கிடையாது என்று முடிவாயிற்று. உரிமத்தைப் புதுப்பிப்பதையும் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்தார்கள். வெளியே, கார் நிறுத்தும் இடத்தில், சரோஜாம்மாவைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் நடந்தேன். அவரே கூப்பிட்டார்.

“நீங்க ஏன் சொல்லலம்மா, ஜன்னல் இருக்குன்னு?” என்று நானே கேட்டேன். என்ன வெட்கங்கெட்ட கேள்வி.

“நான் சொன்னா ஒங்க வேலைக்குப் பிரச்சன வரும்ல சார். விட்டுருங்கன்னு கேட்டதே நான்தானே. நீங்களே சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

இன்றைக்கும் அந்த வாக்கியம் வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

மாவட்டம் தாண்ட அனுமதி கிடைத்ததும் ரெம்பாவுக்குப் போய்த் துவான் ரஸாலியைப் பார்த்தேன். ரம்புத்தான் மரத்தடியில் ஆறடி தள்ளி எனக்கு நாற்காலி போட்டார். ஜன்னல், தூசி, கிளாஸ், நுரை, ஸ்டூல், இருமல், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்ன முறைப்படியே எழுதியும் ஒரு பெண்ணின் பிழைப்பு போகிறது என்றேன். அவர்மேல்கூட எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது. நிதானமாகக் கேட்டுவிட்டுத் தலையைத் தூக்கினார்.

“அந்த ஜன்னல். நம்பாக்?”

“பார்த்தேன், துவான்.”

அவ்வளவுதான். நான் எழுந்து வந்தேன்.

அன்றைக்கே திருத்தக் கடிதம் எழுதினேன். திறப்புகள் நான்கு, நான்காவதற்குச் சீல் வைக்கவில்லை, அது எங்கள் சாமிக்கு முதல் கிளாஸ் வைக்கும் ஜன்னல், பயத்தில் விட்டேன், வெட்கத்தில் மறைத்தேன், கூட்டத்தில் பொய் சொன்னேன். புவான் இரண்டு முறை படித்தார். சிரிக்கவில்லை. நான் அத்தனை நாள் பயந்த சிரிப்பு அந்த அலுவலகத்தில் யாருக்கும் வரவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சரோஜாம்மா மேல் இருந்த புகாரை நீக்கினார்கள். ஆனால் உதவிக்கு விண்ணப்பிக்கும் காலம் முடிந்திருந்தது. உரிமமும் அதற்கு இரண்டு வாரம் முன்பே காலாவதியாகியிருந்தது. புவான் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார், விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. சரோஜாம்மா செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

புகார் நீங்கினால் சாட்சிப் பொருளைச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அலமாரியைத் திறந்தேன். அதன் சாவி என்னிடம் மட்டும் இருந்தது. கிளாஸ் துணிக்குள் இருந்தது. போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூடிமேல் ஒட்டிய தாள், பாதிக் கையெழுத்து, முத்திரை, எல்லாம் நான் வைத்தபடி. அடியில் ஈரமில்லை, அலமாரித் தட்டில் கறையில்லை. உள்ளே ஒரு சொட்டுக் கள் இல்லை.

உரிமம் போன கட்டடத்தை எஸ்டேட்டிடம் ஒப்படைக்கும்வரை அதன் எல்லாத் திறப்புகளுக்கும் கடைசியாக ஒரு சீல் வைக்க வேண்டும். நான்கு சீல் அச்சடித்துக் கொடுத்தார்கள். நான்கு என்று எழுதிக் கொடுத்தவனே நான்தானே. சரோஜாம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். உச்சி வேளை. எதிர் லயத்தில் லெட்சுமி தன் வீட்டு வாசலில் வெள்ளைச் சேலையில் நின்றார். அவர் கணவர் கோவிட்டில் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. சுங்கை பூலோ ஆஸ்பத்திரி வரை கொண்டு போயும், முகத்தைக்கூடக் காட்டவில்லையாம்.

போத்தலைச் சரோஜாம்மா கையில் கொடுத்தேன். சீலைப் பார்த்தார், உள்ளே பார்த்தார். அதிர்ச்சி எதுவும் இல்லை.

“சரியா இருக்குன்னு எழுதிக்குங்கண்ணே. நான் கையெழுத்துப் போடுறேன்.” முதல் தடவையாக என்னை அண்ணே என்றார்.

“இல்லம்மா. காலின்னு எழுதுறேன்.”

கிளாஸைக் குழாயில் கழுவி, அந்த ஜன்னல் பலகையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார். மூன்று கதவுக்கும் சீல் ஒட்டினேன். பசை தடவிய நான்காவது தாளோடு ஜன்னலுக்கு முன்னால் போனேன். இந்த முறை ஒட்டிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

உள்ளே ஒரு ஸ்டூல் நகர்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு அந்த இருமல், நீளமாக, தொண்டையைச் செருமி முடிகிற இருமல். சரோஜாம்மா அசையவில்லை. எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. லெட்சுமி செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தார். கடை மூடியே கிடக்கட்டும் என்று அத்தனை பேர் முன்னால் பேசிய அதே லெட்சுமி, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், அத ஒட்டாதீங்க சார். எங்க வீட்டுக்காரரு வந்துட்டுப் போவட்டும்.”

தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பசையில் பை முழுக்க ஒட்டிப் போயிற்று.

வண்டியில் உட்கார்ந்து, என் வேலைக்காலத்தின் கடைசிப் பாரத்தை நிரப்பினேன். திறப்புகள்: நான்கு. சீல் வைத்தவை: மூன்று. நான்காவதற்கு நான் வைக்கவில்லை. போத்தல் காலி, அதன் சீல் உடையவில்லை. பூட்டிய பிறகு உள்ளே ஸ்டூல் நகரும் சத்தம் இரண்டு முறை, இருமல் ஒரு முறை. உள்ளே ஆள் பார்க்கவில்லை. ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பொய் எழுதிய பாரத்தை அத்தனை பேர் எடுத்துப் படித்தார்கள். இதைப் பற்றி இன்றுவரை ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.